படிக்கட்டுக்கு ஓர் அறை

வீட்டை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். நாலு பக்கமும் இரும்புச் சாரம், சாரத்தைச் சுற்றி விறைப்பாக இழுத்து ஒட்டிய தடித்த தாள், தலைக்கு மேலும் அதே தாள். ஆக்லாந்து மழையை நம்பி யாரும் கூரையைக் கழற்ற மாட்டார்கள். வீட்டை முழுசாக மூடிவிட்டு, அப்புறம்தான் கூரையைப் பிரித்து மாடியை எழுப்புவார்கள். அப்படி மூடும்போது உள்ளே குடியிருந்த நாலு பேரையும் ஒரு நாயையும் சேர்த்தே மூடிவிட்டார்கள்.

நோலீன் வேலை முடிந்து வந்ததும் வாசலில் தொங்கும் பிளாஸ்டிக்கின் ஜிப்பை இழுத்துத் திறக்க வேண்டும். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் குடை. அறுபது வயதில் சொந்த வீட்டுக்குள் ஜிப்பைத் திறந்துகொண்டு போவதற்கு ஒரு பொறுமை வேண்டும். அது அவளிடம் இருந்தது. பொறுமை இருக்கிறவள் தலையில்தான் எல்லாரும் சுமையை இறக்குவார்கள் என்பது மட்டும் அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை.

பங்களா என்றதும் கேட்டில் காவல்காரன் நிற்கிற வீட்டை நினைத்துவிட வேண்டாம். நோலீன் இருக்கிற பாயின்ட் செவ் பக்கம் பங்களா என்றால் மரப்பலகைச் சுவரும் தாழ்ந்த கூரையுமாக உள்ள ஒற்றைத் தள வீடு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நோலீனின் அப்பா வாங்கிய வீடு அது. அவர் போன பிறகு அவள் பெயருக்கு வந்தது. இன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு வீடு வாங்க வேண்டுமென்றால் துறைமுகத்தையே சொந்தமாக வைத்திருக்க வேண்டும். நோலீனின் மகள் கிர்ஸ்டியும் மருமகன் பிரென்ட்டும் இரண்டு பேரும் சம்பாதிக்கிறவர்கள்தான். வீடு விற்கிற ஏலத்துக்கு ஏலம் போய், ஒவ்வொரு சனிக்கிழமையும் முகம் செத்துத் திரும்பி வந்தார்கள். கடைசியில் கிர்ஸ்டிதான் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, எதுக்கு ஊரெல்லாம் எடம் தேடணும்? உன் தலைக்கு மேலயே எடம் இருக்கே."

அப்புறம் வாக்குறுதி கொடுத்தாள். "மாடி எங்களுக்கு. கீழ எல்லாம் உனக்குத்தாம்மா. நாங்க இருக்கறதே தெரியாது. சமையல மட்டும் ஒண்ணாப் பண்ணிக்கலாம், ரெண்டு அடுப்பு எதுக்கு?"

ஒன்றாகப் பண்ணிக்கொள்வது என்றால் யார் பண்ணுவது என்று நோலீன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. காலையில் ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும் பெல்ட்டின் முன் நின்று நோயாளிகளின் தட்டுகளில் ஆளுக்கொரு கரண்டி வைக்கிற வேலை அவளுடையது. அங்கே நூற்றுக்கணக்கான தட்டு. வீட்டில் நாலு தட்டு. இந்த நாலுதான் கனம் அதிகம்.

வரைபடம் வந்தபோது அவள் ஒரே ஓர் இடத்தை மட்டும் பார்த்தாள். வீட்டின் பக்கவாட்டில், பழைய தாழ்வாரத்துக்குக் கண்ணாடி அடைத்துச் செய்த ஒரு சின்ன அறை. அந்த வீட்டில் அதற்குப் பெயர் வெயிலறை. புருஷன் ரஸ் விடுகிற குறட்டைக்கு ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ப் படுத்தவள், திரும்பி வரவே இல்லை. ஒற்றைக் கட்டில், ரேடியோ, மடக்கு மேசை, மேசை மேல் துண்டு துண்டாகச் சேர்த்துப் பாதி முடிந்த ஒரு ஜிக்சா படம் எப்போதும் இருக்கும். கதவைச் சாத்தினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ரஸ்ஸுக்கு ஒரு கூடம் முழுக்கச் சொந்தம், டிவி சொந்தம், டிவிக்கு எதிரே பள்ளம் விழுந்த நாற்காலி சொந்தம். நோலீனுக்குச் சொந்தமாக இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

வரைபடத்தில் வெயிலறை வெயிலறையாகவே இருந்தது. படிக்கட்டு நடுநடையில் ஏறியது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், கட்டிய வீட்டின் தலையில் இன்னொரு வீட்டைக் கட்டிப் பார் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பிளாஸ்டிக்குக்குள் வந்த பிறகு பகல் முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சம். வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. துவைத்த துணி காயவில்லை. சுவர் வியர்த்தது. காற்று அடித்தால் நாலு பக்கமும் தாள் படபடவென்று அடித்துக்கொள்ளும். தலைக்கு மேல் ஆணி அடிக்கிற சத்தத்துக்கு கிர்ஸ்டியும் பிரென்ட்டும் சண்டை போட்டார்கள், சண்டையில் நாய் குரைத்தது, நாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ரஸ் டிவியை இன்னும் கூட்டி வைத்தார். மூஸ் என்கிற அந்த நாய் கன்றுக்குட்டி உயரம் இருக்கும். நடையில் குறுக்கே படுத்துக்கொண்டு, தாண்டிப் போகிறவர்களைப் பெருமூச்சோடு பார்க்கும். வீட்டில் வெளிப்படையாகப் பெருமூச்சு விட்டது அது ஒன்றுதான்.

கூரையைக் கழற்றிய அன்று சாயங்காலம் தலைமைத் தச்சன் வில்லியாமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான். டோங்கா தீவுக்காரன், வாசற்கதவு அளவுக்கு ஆள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற குரல். அந்தக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினால் விஷயம் நல்லதாக இருக்காது.

"பாஸ், மேல ஒரு செங்கல் தூண் நிக்குது. வரைபடத்துல அது இல்ல. படி ஏறி வந்து திரும்பற எடத்துல கரெக்டா அதுதான் நிக்குது. ஏறி வர்றவன் நெத்தில இடிச்சுக்குவான்."

"தூணா? ஏது தூணு?" என்றான் பிரென்ட்.

"பழைய புகைபோக்கி, ப்ரோ."

எல்லாரும் ரஸ்ஸைப் பார்த்தார்கள். ரஸ் ஆட்டிறைச்சியை அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, இருக்கும். நாந்தான் கணப்ப அடைச்சுப் பலகை போட்டேன். மேல நீட்டிட்டிருந்த தலைய மட்டும் இடிச்சேன், ஒழுகிட்டே இருந்துச்சுல்ல. மிச்சத்த அப்படியே வுட்டுட்டு மேல தகரத்தப் போட்டு மூடிட்டேன்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே ரஸ்!"

"யாரு கேட்டா? படம் வரையற ஆளு வந்தாரு. டீ குடிச்சாரு. ஒரு தட்டு ஸ்கோன் காலி பண்ணாரு. நல்லா ரக்பி பேசினாரு. கூரைக்குள்ள எட்டிப் பாத்தாரா? பாக்கல. அவரத் தூக்கி உள்ள போட வேண்டியது என் வேலையா?"

அந்த ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான். வீட்டுக்காரரே சனி, ஞாயிறில் சுத்தியலை எடுத்து எதையாவது இடிப்பார், எதையாவது மூடுவார், யாரிடமும் சொல்ல மாட்டார், பெருமையாக ஒரு பீர் குடிப்பார். மூடியது என்றைக்காவது ஒருநாள் இன்னொருவர் தலையில் விடியும். இந்த முறை யார் தலையில் என்பதுதான் கேள்வி.

வில்லியாமி இரண்டு வழி சொன்னான். "ஒண்ணு, தூண அடியிலேர்ந்து பிரிக்கணும். கூடத்துல டிவி நிக்குற சுவர ஒடைக்கணும். கரி, செங்கல், தூசி... வாரக்கணக்குல கூடத்துப் பக்கமே யாரும் போக முடியாது. இன்னொண்ணு, படிய வெயிலறைலேர்ந்து ஏத்திடலாம். அங்க எதுவும் குறுக்க இல்ல. சுலபம், சீக்கிரம். ஆனா அந்த ரூம் போயிடும், பாஸ். முழுசாப் போயிடும்."

கடைசி வார்த்தையை அவன் நோலீனைப் பார்த்துச் சொன்னான். மற்றவர்களும் நோலீனைத்தான் பார்த்தார்கள். ரஸ் மட்டும் கூடத்துப் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய நாற்காலி தெரிந்தது.

"வெயிலறைல அப்படி என்ன இருக்கு?" என்றான் பிரென்ட். "ஒரு கட்டிலு, ஒரு ரேடியோ."

"அம்மா, நீதான் எங்க போட்டாலும் தூங்குவியே" என்றாள் கிர்ஸ்டி. குரலில் பிரியம் இருந்தது. அதுதான் கொடுமை. "அப்பா ரூம்ல இன்னொரு கட்டில் போட்டுக்கலாம். படிக்கு அடியில அலமாரி மாதிரி ஒரு எடம் வரும்ல, அதுல லைட் போட்டுத் தர்றோம். உன் ஜிக்சாவ அங்க வெச்சு வெளையாடு. ஜாலியா இருக்கும்."

படிக்கு அடியில் வாக்யூம் கிளீனர் வைப்பார்கள். நாயின் பாத்திரம் வைப்பார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது நம் பக்கத்துப் பழமொழி. பிள்ளையாரே இல்லாத ஊரிலும் அந்த வேலைக்கு ஆள் தயாராக இருக்கிறாள்.

வில்லியாமி தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான். "அவசரம் இல்ல பாஸ். யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

"பரவாயில்ல" என்றாள் நோலீன். "படிய அங்கயே போட்டுக்கங்க."

மேசையைச் சுற்றி எல்லாரும் மூச்சு விட்டார்கள். ரஸ் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். கிர்ஸ்டி எழுந்து வந்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிரென்ட் "நீங்க தங்கம், நோலீன்" என்றான். யாரும் தட்டைக் கழுவவில்லை.

பரவாயில்லை என்கிற வார்த்தை அவள் வாயில் தானாக வரும். பெல்ட்டில் இன்னொருத்தி வராத நாளில் இரண்டு ஆள் வேலை செய்யச் சொன்னால் பரவாயில்லை. பிறந்தநாளை மறந்தால் பரவாயில்லை. பல நாள் சொல்லிச் சொல்லி, அது பதில் என்பதே போய், கதவைத் திறந்து விடுகிற ஒரு பழக்கமாக ஆகிவிட்டது. இந்த முறை அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை. மறுநாள் பெல்ட்டின் முன் நின்றுகொண்டு அழுதாள். பக்கத்தில் நின்றவள் என்னவென்று கேட்டதற்கு வெங்காயம் என்றாள். அன்றைக்கு மெனுவில் வெங்காயமே கிடையாது.

வெயிலறையைக் காலி செய்ய ஒரு சாயங்காலம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் சாமான். கட்டில் ரஸ்ஸின் அறைக்குப் போனது. ரேடியோவை வைக்க இடமில்லாமல் துணி அலமாரிக்குள் வைத்தாள். ஜிக்சாவைக் கலைக்க மனம் வரவில்லை. அடியில் படகுகள், நடுவில் ஒரு மலை எல்லாம் சேர்ந்துவிட்டன. வானம்தான் பாக்கி, எல்லாத் துண்டும் ஒரே நீலம். அப்படியே ஓர் அட்டையின் மேல் நகர்த்தி ரஸ்ஸின் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அது என்ன அங்க சொருகற?" என்றார் ரஸ்.

"வானம்" என்றாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ரஸ் கெட்டவர் இல்லை. பஸ் ஓட்டிய காலத்தில் மழையில் ஓடி வருகிற கிழவிகளுக்காக நிறுத்தி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர். தன் வீட்டில் ஒருத்தி ஓடிக்கொண்டிருப்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. படுத்ததும் தூங்கினார். குறட்டை ஆரம்பித்தது. மேலே தாள் படபடத்தது. நோலீன் இரண்டுக்கும் நடுவில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

படிக்கட்டு எழுந்து நின்ற அன்று அவள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். கைப்பிடி இன்னும் இல்லை, பச்சை மரம், ரம்பத் தூசி வாசனை. அவளுடைய கட்டில் கிடந்த இடத்தில் முதல் படி இருந்தது.

"பாஸ், நீங்கதான் மொதல்ல ஏறணும்" என்றான் வில்லியாமி மேலேயிருந்து. "வீட்டுக்காரம்மா கால் பட்டாத்தான் படி கிறீச்சிடாதுன்னு எங்கம்மா சொல்லும்."

"உங்கம்மா வீட்டுல மாடி இருக்கா?"

"எங்கம்மா வீட்டுல படியே கெடையாது. அதான் தைரியமாச் சொல்லும்."

அவள் சிரித்துவிட்டாள். முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினாள். மேலே சுவர் இல்லை, வெறும் மரச்சட்டங்கள்தான். எந்த அறை எது என்பதைச் சட்டங்களின் இடைவெளியை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். படி போய் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், வெயிலறை இருந்த பக்கமாக, ஒரு மூலை அறை. மூன்று பக்கமும் வெள்ளைத் தாள்.

"இந்தப் பக்கம் என்ன தெரியும்?" என்று கேட்டாள்.

வில்லியாமி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். தாளில் மூன்று பக்கம் கிழித்து, ஜன்னல் கதவு போல மடித்துப் பிடித்தான்.

கூரைகள், கூரைகளுக்கு அப்பால் பொஹுடுகாவா மரங்கள், அதற்கும் அப்பால் கடல். கழிமுகத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் பாலம், பாலத்தின் மேல் எறும்பு எறும்பாகக் கார்கள். இவ்வளவு வருஷம் இந்த வீட்டில் இருந்திருக்கிறாள். இரண்டு தெரு தள்ளிக் கடல் இருப்பது தெரியும். வீட்டிலிருந்தே பார்க்க முடியும் என்பது தெரியாது. அப்பா வாழ்நாளெல்லாம் அந்தத் தண்ணீரோரம் நின்று மூட்டை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுக்கி வைத்த பலகைகளின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இத்தனை நாள் களைப்பும் மொத்தமாக வந்து இறங்கியது. கால் கனத்தது. தோள் தொங்கியது. அப்போதுதான் கவனித்தாள்: டிவி கேட்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

வில்லியாமி தாளை மறுபடி ஒட்டவில்லை. கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு துண்டு டேப் ஒட்டி, வேண்டும்போது திறக்கிற மாதிரி விட்டுவிட்டுப் போனான்.

அதிலிருந்து தச்சர்கள் போன பிறகு, சமையலுக்கு முன்னால், அவள் மேலே போய் உட்காரத் தொடங்கினாள். பிளாஸ்கில் டீ கொண்டு போவாள். துணி காயப் போடப் போகிறேன் என்பாள். பிளாஸ்டிக்குக்குள் எந்தத் துணி காய்கிறது என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை. ஒருநாள் ஜிக்சாவையும் அட்டையோடு தூக்கிக்கொண்டு ஏறினாள். மடியில் வைத்துக்கொண்டு தடுமாறினாள். மறுநாள் போனபோது மூலையில் இரண்டு மரத்தாங்கிகளின் மேல் ஒரு ப்ளைவுட் பலகை கிடந்தது. ஓரத்தைச் சிராய் குத்தாமல் தேய்த்தும் வைத்திருந்தான் வில்லியாமி.

அந்த அறை யாருக்கு என்பது அவளுக்குத் தெரியும். வரைபடத்தில் அதுதான் பெரியது, கிர்ஸ்டிக்கும் பிரென்ட்டுக்கும். பின்பக்கம் இன்னொன்று, விருந்தாளிகள் வந்தால் தங்க. ஒவ்வொரு நாளும் எழுந்து கீழே போகும்போது இது உன் இடம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் எழுந்திருப்பது முந்தின நாளைவிடக் கஷ்டமாக இருந்தது.

முகட்டு உத்திரம் ஏறிய அன்று வில்லியாமி கொல்லையிலிருந்த ஃபீஜோவா மரத்தில் அவளைக் கேட்டு ஒரு கிளை வெட்டிக்கொண்டு போய், உத்திரத்தின் உச்சியில் ஆணி அடித்துக் கட்டினான். பச்சைக் கிளை ஏறிவிட்டால் வீட்டுக்காரர் தச்சர்களுக்குப் பீர் வாங்கித் தர வேண்டும். தராத வீட்டின் கூரை ஒழுகும் என்பார்கள். வில்லியாமி பீரைத் தொடாத சர்ச் ஆசாமி. ஆனால் வழக்கத்தை விட மாட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் மேலே கூடினார்கள். வில்லியாமியின் ஆட்கள் இரண்டு பேர், கிர்ஸ்டி, பிரென்ட், நாய். சாரத்தின் ஓரத்தில் நோலீன் சாசேஜ் வாட்டினாள், வெங்காயம் வதக்கினாள், ரொட்டித் துண்டில் வைத்து நீட்டினாள். அன்றைக்குக் காலையில் பெல்ட்டிலும் இதையேதான் செய்தாள். ரஸ் வரவில்லை. ரக்பி ஓடிக்கொண்டிருந்தது.

பிரென்ட் பீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மூலை அறையில் இடம் பார்த்தான். பலகை கண்ணில் பட்டது. ஜிக்சாவின் மேலேயே பெட்டியை வைத்தான். இன்னும் சேராத வானத்திலிருந்து சில துண்டுகள் நழுவித் தரையில் விழுந்தன.

"யாருது இது? யாரு இங்க கொண்டாந்து வெச்சது?"

"அம்மாவோடது" என்றாள் கிர்ஸ்டி. "ஏம்மா, இத ஏன் இங்க தூக்கிட்டு வந்த? கீழ படிக்கு அடியில எடம் தர்றோம்னு சொன்னேன்ல?"

பிரென்ட் அதற்குள் தரையில் காலால் அளந்துகொண்டிருந்தான். "கட்டில் இப்படி. தல அந்தப் பக்கம். காலைல கண்ணத் தொறந்தா நேரா கடல், ப்ரோ. யோசிச்சுப் பாரு!"

வில்லியாமி யோசித்துப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. ஒரு பீர் பாட்டிலையும் யாரும் திறக்க விடாமல் பெட்டியின் மேல் கையை வைத்தான்.

"இரு ப்ரோ. வீட்டுக்காரங்க ரெண்டு வார்த்த பேசணும். அதுக்கப்புறந்தான் மூடி தொறக்கும்."

"சரி, நானே..." என்று பிரென்ட் தொண்டையைச் செருமினான்.

"நீயா வீட்டுக்காரன்? வேலைய ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நான் கையெழுத்து வாங்கறது இவங்ககிட்ட."

எல்லாரும் நோலீனைப் பார்த்தார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பார்த்த அதே பார்வை. அவள் கையில் சாசேஜ் இடுக்கி இருந்தது. வாயில் பரவாயில்லை என்கிற வார்த்தை வந்து நின்றது. குனிந்து தரையில் கிடந்த நீலத் துண்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கி நிமிர்வதற்குள் மூட்டு இரண்டும் கத்தின. நிமிர்ந்தபோது அந்த வார்த்தை போய்விட்டிருந்தது.

"பெட்டிய எடு, பிரென்ட்" என்றாள்.

"என்ன?"

"என் ஜிக்சா மேலேர்ந்து பெட்டிய எடு."

அவன் எடுத்தான். அவள் இடுக்கியை அவன் கையில் கொடுத்துவிட்டு, பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. ரெண்டு வார்த்ததான். படிக்கு ஒரு அறை வேணும்னாங்க, என்னோடதக் குடுத்துட்டேன். அந்தப் படி எங்க கொண்டுவந்து விடுதோ அந்த அறை எனக்கு. இதுதான் அது."

கிர்ஸ்டி சிரிக்கப் பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா... அப்ப நாங்க?"

"பின்னாடி ஒரு ரூம் இருக்கு. கீழ ரெண்டு இருக்கு. கீழ எல்லாம் உனக்குத்தாம்மான்னு நீ எனக்குச் சொன்னியே கிர்ஸ், அத நான் உனக்கே திருப்பித் தர்றேன். கூடம், அடுப்பு, துவைக்கற மெஷின், நாயி. உங்கப்பாவும் சேத்துத்தான்."

வில்லியாமியின் ஆட்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான்.

"உன் மூட்டு வலிக்கு தெனம் மாடி ஏற முடியுமா?" கிர்ஸ்டியின் குரல் உடைந்தது. "வெளையாடாதம்மா. எவ்ளோ படி இருக்கு!"

"ஏறிடுவேன். எறங்கறதுதான் கஷ்டம்" என்றாள் நோலீன். "அதனால அடிக்கடி எறங்க மாட்டேன்."

வில்லியாமி பெட்டியிலிருந்து கையை எடுத்தான். "பேசியாச்சு" என்றான். பாட்டில்கள் திறந்தன. தனக்கென்று கொண்டு வந்திருந்த லெமனேடை அவன் நோலீனின் கோப்பையில் பாதி ஊற்றினான். பிரென்ட் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, கருகிக்கொண்டிருந்த சாசேஜைத் திருப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான்.

அப்போது கீழே படிக்கு அடியில் வந்து நின்று ரஸ் கத்தினார். பாதி ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். "நோல்! நோல்! டீ ஆச்சா?"

யாரும் அசையவில்லை. கிர்ஸ்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கேட்டதா இல்லையா என்று அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. நோலீன் ஒரு நீலத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோல்!"

கிர்ஸ்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் இறங்கினாள். காலை முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வளைந்த முதுகு, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. அவளும் களைத்திருந்தாள். நோலீனுக்கு அது தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்காது. நீ இரு, நான் போறேன் என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது, கால்கூட ஒருமுறை தரையை ஊன்றியது.

அவள் எழுந்திருக்கவில்லை.